மட்டக்களப்பின் பழைய வீதி விளக்குகளைக் காலிலிருந்து படிக்கும் முறை

பழைய வீதி விளக்குகளைத் தேடிப் புறப்படுகிறவர்கள் அனேகமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். நானும் முதல் இரண்டு மாதங்கள் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவு ஒழுங்கைகளில் அப்படித்தான் நடந்தேன். கழுத்து நொந்ததே தவிரக் கையில் அகப்பட்டது ஒன்றுமில்லை. மேலே தெரிந்ததெல்லாம் அண்மையில் மாட்டிய எல்.இ.டி. விளக்குகளும் அவற்றின்மேல் எச்சமிட்ட காகங்களுமே. ஒரு நாள் செருப்பு வார் அறுந்து, அதைச் சரிசெய்யக் குனிந்தபோது, எதிரேயிருந்த இரும்புக் கம்பத்தின் அடி கண்ணில் பட்டது. அடியிலிருந்த சிறிய கதவின் கீழ்விளிம்பு தாரோடு ஒட்டிப்போயிருந்தது. கதவைத் தரையோடு ஒட்டவைத்து யாரும் கம்பம் செய்வதில்லை. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு உயர்ந்து, கம்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியிருந்தது. அன்றிலிருந்து நான் விளக்கைக் காலிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். உங்களுக்கும் அந்த வழியையே சொல்கிறேன்.

ஒரே விளக்கின் உறுப்புகளுக்கு வயது ஒன்றல்ல. மின்குமிழ் அடிக்கடி மாறும். அதைத் தாங்கும் கூடு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். கூட்டைத் தெருவின் நடுவை நோக்கி நீட்டிப் பிடிக்கும் கை அதைவிட நீண்ட காலம் நிற்கும். கம்பமோ விழுந்தால்தான் மாறும். தலை இளையது, கழுத்து நடுவயதுடையது, கால்தான் கிழம். இதற்கு நிருவாகம் சார்ந்த காரணமும் உண்டு. நம் நாட்டில் வீதியோரத்துக் கம்பமும் கம்பியும் பெரும்பாலும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்க, அதில் விளக்கை மாட்டுவதும் பழுதானால் திருத்துவதும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியவற்றின் பொறுப்பாக இருந்துவருகின்றன. ஒரே வளவில் இரண்டு குடித்தனம் போன்ற ஏற்பாடு இது. சபைக்குப் பணம் வந்தாலும், தேர்தல் வந்தாலும், வட்டாரத்து மக்கள் மனுக் கொடுத்தாலும் தலை மாறும். காலை ஒருவரும் தொடமாட்டார்கள்.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை மிகச் சில: ஒரு கொப்பி, ஒரு பென்சில், பயன்படாத பழைய சீடி ஒன்று, ஒரு தென்னை ஈர்க்கு, உலர்ந்த நூலில் கட்டித் தொங்கவிட்ட சிறு காந்தம் ஒன்று. தூரத்தை நெருக்கிக் காட்டும் கைத்தொலைபேசிக் கமரா இருந்தால் தொலைநோக்கி வேண்டியதில்லை. காந்தத்தை ஏன் நூலில் கட்டச் சொல்கிறேன் என்றால், பழைய உலோகக் கம்பங்களில் மின்கசிவு இருக்கக்கூடும்; கம்பத்தைக் கையால் தொடவே கூடாது. நவம்பரிலிருந்து சனவரி வரை மாரி மழையில் தெருவெல்லாம் நனைந்து கிடக்கும் காலத்தில் காந்தச் சோதனையையும் விட்டுவிடுங்கள். அடிக்கதவு திறந்து கம்பி வெளியே தெரியும் கம்பத்தைக் கண்டால் எட்ட நின்றே குறிப்பெடுத்துவிட்டு, உரிய சபைக்கு அறிவியுங்கள். படை முகாம், பொலிஸ் நிலையம், சோதனைச் சாவடி இருக்கும் பக்கம் கமராவைத் திருப்பாமல் இருப்பதும், வீட்டு வாசலில் நிற்பவரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படம் எடுப்பதும் நம் ஊருக்குத் தேவையான மரியாதைகள்.

கால்: சூறாவளிக்கு முந்தியதா, பிந்தியதா?

மட்டக்களப்பில் கம்பத்தின் வயதை ஆண்டுக் கணக்கில் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். காற்றின் கணக்கிலும் கடலின் கணக்கிலும் கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு கரையைக் கடந்த சூறாவளி தென்னந்தோட்டங்களைச் சாய்த்ததுபோலவே மின்கம்பங்களையும் சாய்த்தது. ஆகவே, இங்கே பார்க்கும் எந்தக் கம்பத்தைப் பற்றியும் எழுப்ப வேண்டிய முதற்கேள்வி, அது அந்த இரவுக்கு முந்தியதா பிந்தியதா என்பதே. இரண்டாவது கேள்வி 2004 டிசம்பர் 26 பற்றியது. நாவலடி, டச்பார், கல்லடியின் கரையோரப் பகுதிகளிலும், தெற்கே மருதமுனை, சாய்ந்தமருது வரையிலான கடற்கரைத் தெருக்களிலும் நிற்கும் கம்பங்களில் பெரும்பாலானவை ஆழிப்பேரலைக்குப் பின் நடப்பட்டவை என்று எடுத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. பழையதைத் தேடுபவர் கடலுக்கு முதுகு காட்டி, வாவிப் பக்கம் நடக்க வேண்டும்.

புளியந்தீவில் ஒரு படலையடியில் நின்ற மூதாட்டியிடம், வாசலில் இருந்த கம்பம் எந்த ஆண்டில் வந்தது என்று நான் கேட்டபோது அவருக்கு விடை தெரியவில்லை. "பெத்தா, சூறாவளியில இது நின்றதா?" என்று மாற்றிக் கேட்டேன். "இல்ல மனே, இது பிறகு வந்தது. முந்தி இதில மரக்கம்பம் நின்டது. அது காத்தில முறிஞ்சு எங்கட கூரையிலதான் விழுந்தது," என்று சொல்லி, கூரையின் எந்த மூலையில் விழுந்தது என்பதையும் கைகாட்டினார். ஓர் ஆண்டைக் கேட்டுப் பெற முடியாத இடத்தில் ஓர் இரவு கிடைத்தது. முன்பு நின்ற கம்பம் எதனால் ஆனது என்பதும் சேர்ந்து கிடைத்தது. முதியவர்களிடம் பேசும்போது அவர்களுடைய நிகழ்வுகளையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: கல்யாணத்துக்கு முந்தியா, மூத்த பிள்ளை பிறந்த பிறகா, கல்லடியில் புதிய பாலம் திறந்த பிறகா என்று கேட்டால் விடை தானாக வரும். அந்தப் புதிய பாலம் 2013 இல் திறக்கப்பட்டது. அதன் அருகில் நிற்கும் பழைய இரும்புப் பாலமோ 1918 முதல் 1925 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் வில்லியம் மானிங்கின் மனைவி பெயரால் அழைக்கப்பட்டு வந்தது. போர்க்காலத்தைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். தெரு இருண்டு கிடந்த ஆண்டுகள் சிலருக்கு விளக்கைப் பற்றிய நினைவாக இராது. யாரோ ஒருவர் திரும்பி வராத இரவைப் பற்றிய நினைவாக இருக்கும். அவர்கள் நிறுத்திய இடத்தில் நீங்களும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனிக் கம்பத்தையே பார்ப்போம். மரக்கம்பத்தில் தாரெண்ணெய் ஊறிய கறுப்பும், வெயில் ஏறும்போது எழும் மணமும் இருக்கும். மழைநீர் உள்ளே இறங்காதபடி உச்சியைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள், அல்லது தகட்டால் தொப்பி போட்டிருப்பார்கள். உருக்குக் குழாய்க் கம்பம் அடியில் பருத்து, இரண்டு மூன்று படிகளாக மேலே மெலிந்து செல்லும். கொங்கிறீற்றுக் கம்பத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் கடற்காற்றின் உப்பு அதற்குள்ளும் புகுந்து, உள்ளிருக்கும் கம்பியைத் துருவேற்றும்; துரு இடம் அடைத்துக்கொண்டு வெளித்தோலை வெடிக்கச் செய்யும். அவ்வாறு நீளவாக்கில் வெடித்த கம்பத்தைப் பார்த்து, "இது மிகப் பழையது" என்று எழுதிவிடாதீர்கள். உப்புக்காற்று இருபது வயதுக் கம்பத்தையும் கிழவனாக்கிவிடும். இரும்புக் கம்பத்திலும் இதே ஏமாற்று உண்டு: மண்ணும் காற்றும் சந்திக்கும் இடத்தில், அதாவது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், துரு எப்போதும் அதிகம். அது வயதைக் காட்டாது, இடத்தைக் காட்டும்.

பழைய தண்டவாளத் துண்டை நட்டுக் கம்பமாக்குவது தென்னாசியாவின் பல ஊர்களில் பழகிய வழக்கம். நம் பகுதியில் அப்படி ஒன்றைக் கண்டால் அதை நற்பேறு என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால் தண்டவாளத்தின் இடுப்புப் பகுதியில் அதை உருட்டிய ஆலையின் குறியும் ஆண்டும் புடைத்த எழுத்தில் இருப்பது வழக்கம். மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில், அல்லது டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், பல பூச்சுகளுக்கு அடியில் இருக்கும் எழுத்தும் நிழலாக எழும். ஆனால் அங்கே இருப்பது இரும்பு உருட்டிய ஆண்டு, கம்பம் நட்ட ஆண்டு அல்ல. மட்டக்களப்புக்கு ரயில் பாதை வந்தது 1928 இல். பாதையில் பல்லாண்டு கிடந்து தேய்ந்த பிறகே ஒரு தண்டவாளம் தெருவுக்கு வரும்.

உலோகக் கம்பத்தில் துளைகள் இருந்தால், எல்லாத் துளையையும் துப்பாக்கிச் சன்னத்தின் தடமாக எண்ண வேண்டாம். முன்பு ஆணி முடுக்கியிருந்த துளை வட்டமாகவும் விளிம்பு ஒழுங்காகவும் இருக்கும். சன்னம் துளைத்த இடத்தில் விளிம்பு ஒரு பக்கமாக உள்நோக்கி மடிந்திருக்கும். சுற்றிலும் பூச்சு தெறித்திருக்கும். முதலாவது வகைத் துளை எவ்வளவு உயரத்தில், எத்தனை இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். முன்பு அங்கே எப்படிப்பட்ட கை இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

அம்பாறைப் பக்கம் நடப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்பாறை நகரம் 1949 இல் தொடங்கிய கல்லோயா அபிவிருத்திச் சபையின் வேலைகளோடு வளர்ந்தது. ஆகவே அங்கே அதற்கு முந்திய வீதி விளக்கைத் தேடுவது வீண். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகியவை பழைய ஊர்கள். பிரதான வீதியை விட்டு உள்ளே செல்லுங்கள். பிரதான வீதி அகலப்படுத்தப்படும்போது முதலில் பலியாவது கம்பம். காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே பேரீச்ச மரங்களுக்கு இடையில் நிற்பவை கண்ணுக்கு அழகானவை, ஆனால் நம் தேடலுக்கு உரியவை அல்ல.

கழுத்து: வெறும் கவ்விகள் சொல்லும் கதை

கையில் கவனிக்க வேண்டியது வளைவு. அன்னத்தின் கழுத்துப்போல் மேலெழுந்து கீழே வளையும் குழாய், தொப்பிபோன்ற கூட்டைத் தொங்கவிடுவதற்கு ஏற்றது; இழைமின்குமிழ்க் காலத்தின் வடிவம் அது. நேராகச் சற்று மேல்நோக்கிச் சாய்ந்து செல்லும் குழாய், நீண்ட பெட்டிபோன்ற கூட்டை முனையில் செருகுவதற்கானது. அது பாதரச ஆவி, சோடியம் ஆவி விளக்குகளோடு வந்தது. வளைந்த கழுத்தில் இன்றைய எல்.இ.டி. தலை மாட்டப்பட்டு, ஒளி தெருவுக்குப் பதிலாகச் சுவருக்கோ வானத்துக்கோ போய்க்கொண்டிருந்தால், சிரித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்கே கழுத்து பழையது என்பது உறுதி.

பொருளின்றி நிற்கும் வெறும் கவ்விகள், வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள், பூச்சில் மட்டும் எஞ்சிய நிழல்கள் ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். பழைய திறந்த கம்பி வரிசையில், வீடுகளுக்குச் செல்லும் மூன்று முனைக் கம்பிகளோடும் நடுநிலைக் கம்பியோடும் வீதி விளக்குக்கென்றே தனிக்கம்பி ஒன்றும் ஓடும். தெருவின் ஒரு முனையில் உள்ள சுவிட்சைப் போட்டால் அந்தக் கம்பிக்கு மின் ஏறி, தெரு முழுவதும் ஒன்றாக எரியும். மாலையில் ஒருவர் வந்து போடுவதும் காலையில் மறந்துவிடுவதும் நம் நாட்டுத் தெருக்களில் பழகிய காட்சி. இப்போது ஐந்து பீங்கான்கள் வரிசையாக நிற்கும் கம்பத்தில் முறுக்கிய கறுப்பு வடம் ஒன்றே ஓடினால், பழைய வரிசை எடுக்கப்பட்டு எலும்புக்கூடு மட்டும் விடப்பட்டிருக்கிறது என்று பொருள். கூட்டின் உச்சியில் சிறு குமிழ்போல் நிற்பது ஒளியுணரி. பொழுது சாய்வதை அதுவே அறிந்து விளக்கைப் போடுகிறது. அதன்மேல் காகம் எச்சமிட்டால் நண்பகலிலும் விளக்கு எரியும். சபையைத் திட்டுவதற்கு முன் அண்ணாந்து பார்க்க வேண்டிய ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

தலை

எனாமல் தொப்பி கிடைத்தால் அன்றைய நாள் வீண்போகவில்லை. இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித்தூளைப் பூசி, ஏறத்தாழ 800 பாகை வெப்பத்தில் சுட்டெடுத்த பூச்சு அது. பொதுவாக வெளியே கடும்பச்சையோ நீலமோ, உள்ளே வெள்ளை. நான் கண்ட ஒன்று ஒரு மில்லுச் சுவரின் மூலையில், மின்குமிழ் இல்லாமல், வாயில் குருவிக்கூட்டோடு தொங்கியது. விளிம்பில் ஓரிடத்தில் எனாமல் சில்லாகத் தெறித்து, அந்த இடத்தில் கறுப்பு வளையமும் அதற்குள் துருவும் தெரிந்தன. அந்தக் கறுப்பு வளையமே அடையாளம்: வெள்ளைப் பூச்சுக்கு அடியில் இரும்போடு பிணையும் அடிப்பூச்சு கறுப்பாக இருக்கும். சாதாரண பெயின்ற் உரிந்தால் இப்படித் தெறிக்காது. தோலாகச் சுருண்டு தொங்கும்.

பெட்டிக் கூடுகளில் அலுமினிய உடலும் கீழே பிளாஸ்டிக் கிண்ணமும் இருக்கும். கிண்ணம் மஞ்சளித்து, உள்ளே ஈசல்கள் குவிந்து கிடந்தால், பல மாரிகளைப் பார்த்தது என்று கொள்ளலாம். எல்.இ.டி. தலை தட்டையாக, முதுகில் வெப்பத்தை வெளியேற்றும் வரிவரியான செதில்களோடு இருக்கும். அதைப் பற்றி எழுத அதிகமில்லை.

வாவிக்கரைப் பூங்காக்களிலும் விடுதி வாசல்களிலும் நிற்கும் "விக்டோரியாக் காலத்து" விளக்குகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். என் அனுபவத்தில் இவற்றில் பெரும்பாலானவை அண்மைக் காலத்து அழகுபடுத்தல் வேலைகளில் வந்தவை. இங்கேதான் நூலில் கட்டிய காந்தம் உதவும். பழைய விளக்குக்கம்பம் வார்ப்பிரும்பு. காந்தம் தாவி ஒட்டும். புதியது பெரும்பாலும் அலுமினியமோ கண்ணாடி இழையோ. காந்தம் கம்பத்தில் உரசிக்கொண்டு சும்மா தொங்கும். காந்தம் ஒட்டினால் உடனே நம்பிவிடாமல் திருகாணிகளையும் பாருங்கள்: சிலுவைத் தலைத் திருகாணி 1930 களில்தான் பரவத் தொடங்கியது. இன்னொரு வேடிக்கை, கூட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் குறுக்குக் கை. காஸ் விளக்குக் காலத்தில் விளக்கேற்றுபவர் ஏணியைச் சாய்ப்பதற்காக அது இருந்தது. புதிய போலிகளிலும் அதை அப்படியே வைக்கிறார்கள். ஆனால் ஏணி சாய்த்தால் முறிந்துவிடும் அளவுக்கு மெல்லியதாக, ஒரு காதணிபோல.

ஒளி: மைம்மலில் பத்து நிமிடம்

நம் பகுதியில் டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பும், யூலையில் ஆறேகாலுக்குப் பின்பும் பொழுது சாயும். விளக்கு எரிவதற்குக் கால் மணி முன்பே போய் நில்லுங்கள். எரிந்த விளக்கைப் பார்ப்பதைவிட, எரியத் தொடங்கும் விளக்கைப் பார்ப்பதே பயன் தரும். எல்.இ.டி. கண் சிமிட்டுவதற்குள் முழு ஒளி தரும். பாதரச ஆவி விளக்கு மங்கலான ஊதாவில் தொடங்கி, ஐந்து நிமிடமளவில் நீலம் கலந்த வெள்ளைக்கு வரும். உயர் அழுத்தச் சோடியம் வெளிறிய வெள்ளையில் தொடங்கி, மஞ்சளாகி, சில நிமிடங்களில் பொன்னிறமாகும். தாழ் அழுத்தச் சோடியம் முதலில் சிவப்பாக எரியும். அதற்குள் இருக்கும் நியோன் வாயுவின் நிறம் அது. பத்து நிமிடமளவில் சோடியம் ஆவியாகி, எலுமிச்சம்பழ மஞ்சளாக நிலைகொள்ளும். ஐரோப்பியத் தெருக்களில் இந்த விளக்கு 1932 இல் ஏறியது. இங்கே ஒன்றைக் கண்டால் அதைக் கொப்பியில் தனிப்பக்கத்தில் எழுத வேண்டும்.

மின்வெட்டும் ஒரு வாய்ப்பு. 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை வெட்டிய காலத்தை யாரும் மறந்திருக்கமாட்டோம்; அந்த அளவுக்கு வேண்டாம், ஒரு நிமிட வெட்டே போதும். கரண்ட் வந்தவுடன் எல்.இ.டி. உடனே எரியும். சூடாக இருக்கும் பாதரச விளக்கோ ஆறும்வரை எரிய மறுக்கும், சில நிமிடங்கள் தெருவை இருளில் வைக்கும். சோடியம் ஒன்றிரண்டு நிமிடத்தில் இணங்கிவிடும். மின்வெட்டே இல்லாமல் ஒரு சோடிய விளக்கு எரிந்து, அணைந்து, சில நிமிடம் கழித்து மீண்டும் எரிந்துகொண்டிருந்தால் பேய் என்று எண்ண வேண்டாம். முதுமையில் அதன் சுடர்க்குழாய்க்குத் தேவையான மின்னழுத்தம், கிடைக்கும் அளவைத் தாண்டிவிடுகிறது. சூடேறியதும் அணைகிறது, ஆறியதும் எரிகிறது. இன்னும் சில கிழமைகளே அதன் வாழ்நாள். படத்தை அன்றே எடுத்துவிடுங்கள்.

சீடியின் வேலை இங்கேதான். சுற்றிலும் வேறு ஒளி இல்லாத விளக்கு ஒன்றைத் தெரிந்தெடுத்து, சீடியின் மினுங்கும் முகத்தை உங்கள் பக்கம் வைத்து, விளக்கின் வெள்ளைப் பிரதிபலிப்பு தெரியும்வரை அதைச் சாய்த்துப் பிடியுங்கள். இன்னும் சற்றுச் சாய்த்தால் பக்கத்தில் நிறப்பட்டை எழும். சீடியில் 1.6 மைக்ரோமீற்றர் இடைவெளியில் ஓடும் நுண்வரிகள் ஒளியைப் பிரிப்பதால் இது நிகழ்கிறது. இழைமின்குமிழ் ஆனால் சிவப்பிலிருந்து ஊதா வரை இடைவெளியற்ற வானவில். பாதரசம் ஆனால் ஊதா, பச்சை, மஞ்சள் எனத் தனித்தனி விளக்குகள் வரிசையாக நிற்பதுபோல் தெரியும். தாழ் அழுத்தச் சோடியம் ஆனால் 589 நனோமீற்றர் அளவில் ஒரே மஞ்சள் உருவம், வேறெதுவும் இல்லை. உயர் அழுத்தச் சோடியத்தில் அகன்ற பட்டை இருக்கும், ஆனால் மஞ்சள் இருக்க வேண்டிய நடுவிடத்தில் கறுப்புக் கீறல் விழும். வெளிப்புறத்துக் குளிர்ந்த சோடியம் தன் நிறத்தைத் தானே விழுங்குவதால் வரும் கீறல் அது. எல்.இ.டி.யில் நீலத்துக்கும் பச்சைக்கும் இடையில் ஒரு பள்ளம் தெரியும்.

சீடி இல்லாத நாளில், பக்கத்தில் நிற்பவரின் நெற்றியைப் பாருங்கள். பாதரச விளக்கில் சிவப்புக் குறைவாதலால் குங்குமப் பொட்டு கறுத்துத் தெரியும். சோடிய விளக்கில் நீலச் சேலை கரிநிறமாகிவிடும். ஈர்க்கை விளக்கொளியில் விசிறிப் பார்ப்பது இன்னொரு வழி: 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் வாயு விளக்குகள் வினாடிக்கு நூறு முறை துடிப்பதால், ஈர்க்கு ஒன்றாகத் தெரியாமல் விசிறி மடிப்புபோல் பல துண்டுகளாகத் தெரியும். இழைமின்குமிழில் அது மங்கலான ஒரே வீச்சாகும்.

கம்பமே இல்லாத காலத்தின் தெருவிளக்கை வயதானவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள்: பெற்றோல்மாக்ஸ். கோயில் வீதியிலும் கூத்துக் களரியிலும் அதைக் கம்பில் கட்டித் தூக்கினார்கள். வடமோடிக் கூத்தின் கண்ணாடி பதித்த உடுப்பு அந்த வெள்ளை ஒளியில் மினுங்கியதைப் பற்றிக் கேட்டால் ஒரு மணிநேரம் பேசுவார்கள். பெர்லினில் மக்ஸ் கிரெட்ஸ் என்பவரின் தொழிற்சாலையில் 1910 அளவில் பிறந்த விளக்கு அது. அதன் ஒளியைத் தருவது சுடர் அல்ல, சுடரில் சூடேறி வெளுக்கும் மென்டில் வலை. தோரியம் ஒட்சைட்டு ஏறத்தாழ 99 பங்கும் சீரியம் ஒட்சைட்டு ஒரு பங்கும் சேர்ந்த அந்தக் கலவையைக் கண்டவர் ஒஸ்திரியாவின் கார்ல் அவர் ஃபொன் வெல்ஸ்பாக். பழைய வீடுகளில் மென்டில் பெட்டி எஞ்சியிருந்தால் படம் எடுங்கள். ஆனால் உதிர்ந்த சாம்பலை ஊதவோ மூச்சில் இழுக்கவோ வேண்டாம், தோரியம் சிறிதளவு கதிர்வீச்சுடையது. கோயில் மண்டபத் தூணில் தலைக்கு மேல் காரணமின்றி நிற்கும் கொக்கியைக் கண்டால், பெற்றோல்மாக்ஸ் தொங்கியதா என்று பூசகரிடம் கேளுங்கள்.

எழுதி வைத்தல்

ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணை முதலில் எழுதுங்கள்; எண் இல்லையேல் அருகிலுள்ள மதகு, சந்தி, கோயில், பள்ளிவாசல் எதுவோ அதிலிருந்து எத்தனை கம்பம் தள்ளி என்று எழுதுங்கள். கால், கழுத்து, தலை மூன்றுக்கும் தனித்தனி வரி வேண்டும். கண்டதையும் கேட்டதையும் ஒன்றாகக் கலக்காமல், கேட்டதற்குப் பக்கத்தில் சொன்னவரின் வயதை மட்டும் குறியுங்கள், பெயர் வேண்டாம். படம் மூன்று: தெருவோடு சேர்த்து ஒன்று, முழுக் கம்பமும் ஒன்று, அடிக்குக் குனிந்து ஒன்று. மூன்றாவதை எல்லோரும் மறக்கிறார்கள்.

இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது என்பதை நான் நட்டப்பட்டே அறிந்தேன். ஒரு சந்தியருகே இரும்புச் சுருள் வைத்த கழுத்தொன்றை ஒரு சனிக்கிழமை கண்டு, வெளிச்சம் போதாதென்று அடுத்த நாள் வருவதாக எண்ணித் திரும்பினேன். மழை பிடித்ததால் ஐந்து நாள் கழித்தே போக முடிந்தது. அதற்குள் தெரு அகலிப்பு வேலையில் கம்பத்தை அடியோடு அறுத்து ஏற்றிவிட்டார்கள். பழைய இரும்புக் கடைகள் இரண்டில் விசாரித்தேன். இருந்தால் எடை விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள், ஆனால் இல்லை. (அப்படி எங்கேனும் கிடைத்தாலும், அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல முடியாத கடையில் வாங்காதீர்கள், பொதுச்சொத்தாக இருக்கலாம்.)

கம்பம் போன பிறகும் அந்த இடத்தைக் கைவிட வேண்டாம். அறுத்த அடி தரையில் துருவளையமாக எஞ்சியிருக்கும். அதன் குறுக்களவை எடுங்கள். தாரின் விளிம்பில் உடைந்த இடம் இருந்தால், எத்தனை முறை தார் போட்டிருக்கிறார்கள் என்று அடுக்குகளை எண்ணுங்கள். என் சந்தியில் நான்கு அடுக்கு இருந்தது. வளையம் நான்காவதுக்கும் கீழே இறங்கிச் சென்றது. வரைபடத்தில் நிற்கும் கம்பத்துக்கு நிரப்பிய வட்டமும், போன கம்பத்துக்கு வெறும் வட்டமும் போட்டுக்கொள்ளுங்கள்.